கருக்குழாய் டெஸ்ட்டுக்கு போறீங்களா? எந்த டை, அதாவது எந்த சாயம்னு கேட்டுட்டு போங்க

வணக்கம் எல்லாருக்கும், யாங்கூன்ல இருந்து பேசுறேன், கரண்ட் இல்ல, கீழ் வீட்டு ஜெனரேட்டர் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. போன வெள்ளிக்கிழமை அனோரத்தா ரோடு காளி கோயில்ல ஒரு தங்கச்சி என் கைய புடிச்சுக்கிட்டு, "அக்கா, கருக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்க எனக்கு டியூப் டெஸ்ட் எழுதிருக்காங்க, உள்ள சாயம் விடுவாங்களாமே, உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா"ன்னு கேட்டா. கோயில்ல நின்னு சொல்லி முடிக்கிற விஷயமா அது, அதான் இந்த வீடியோ.

எனக்கு முதல்ல பார்த்த இடத்துல லேப்ராஸ்கோபின்னு சொன்னாங்க. வயித்துல சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டுட்டு, கீழ கர்ப்பப்பை வாய் வழியா மெத்திலீன் ப்ளூ கலந்த நீல தண்ணிய தள்ளுவாங்க, குழாய் திறந்திருந்தா அதோட நுனில நீலமா வடியுறது கேமராவுல தெரியும். தேதியும் குடுத்துட்டாங்க. ஆனா வீட்ல யாருக்காச்சும் மருந்து ஒத்துக்காம போயிருக்கான்னு ஒருத்தர் கூட கேக்கல, அது எனக்கு இன்னும் மனசு ஆறல.

கேட்டது எங்கம்மாதான். நாங்க பெகுல இருந்தப்ப தம்பிக்கு மலேரியா வந்து ப்ரிமாகுயின் மாத்திரை குடுத்தாங்க, ரெண்டாம் நாளே அவனுக்கு ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி போச்சு, கண்ணு மஞ்சளாயிடுச்சு. டெஸ்ட் பண்ணா ஜி6பிடி குறைபாடு. பர்மாவுல இது நிறைய பேருக்கு இருக்கு. "அவனுக்கு மருந்து ஒத்துக்கலையே, உனக்கு இந்த நீலம் ஒத்துக்குமாடி, கேளு"ன்னு அம்மா விடவே இல்ல. வேற டாக்டரம்மாகிட்ட கேட்டேன், உடனே ரத்தம் எடுக்க சொன்னாங்க, எனக்கும் ஜி6பிடி குறைவுதான்.

ரத்த சிவப்பணுவுக்குள்ள ஜி6பிடின்னு ஒரு என்சைம் இருக்கு, அது போதுமான அளவு இருந்தாதான் மெத்திலீன் ப்ளூவ உடம்பு சமாளிக்கும், இல்லன்னா அந்த டையே சிவப்பணுவ உடைச்சு விட்டுரும். இதே மெத்திலீன் ப்ளூவ 1891ல ஜெர்மனில பால் எர்லிக் மலேரியாவுக்கே மருந்தா குடுத்து பார்த்திருக்கார், அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது, தம்பிய பார்த்த பயம்தான். இந்த குறைபாடு ஆம்பளைங்களுக்கு அம்மா வழியா வரும், பொண்ணுங்களுக்கு அம்மா, அப்பா ரெண்டு பேர் வழியாவும் வரலாம், அதனால அண்ணன் தம்பிக்கு இருந்தா நீங்க கட்டாயம் சொல்லணும்.

இன்னொண்ணு, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்க. குழந்தை இல்லன்னு பேச்சு கேட்டு கேட்டு மாமியாருக்கு தெரியாம சாப்பிடுறவங்க எத்தனை பேர்னு எனக்கு தெரியும்மா. மெத்திலீன் ப்ளூவும் சில வகை மன அழுத்த மாத்திரையும் சேர்ந்தா மூளையில செரடோனின்ங்கற ரசாயனம் அளவுக்கு மீறி ஏறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம்னு ஆபத்தாகலாம், அமெரிக்க மருந்து துறை எஃப்டிஏ 2011லயே எச்சரிச்சிருக்கு. நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட மட்டும் மறைக்காதீங்க. இந்த ரெண்டு பிரச்சனையும் இல்லாதவங்களுக்கு பொதுவா இது பயப்படுற டை இல்ல, ஒண்ணு ரெண்டு நாள் ஒண்ணுக்கு பச்சையாவோ நீலமாவோ போகும், அது தானா சரியாயிடும்.

எனக்கு கடைசில ஹெச்எஸ்ஜி பண்ணாங்க, எக்ஸ்ரே டெஸ்ட், அதுல அயோடின் மருந்து. இறால் ஒத்துக்காதவங்க, ஙப்பி, அதாவது இங்க சாப்பிடுற மீன், இறால் விழுது, தொடாதவங்க பயப்படுவாங்க, ஆனா இறால் அலர்ஜி அதுல இருக்கிற புரதத்தால, அயோடினால இல்ல. முன்னாடி இந்த மருந்தே போட்டு அரிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தா அதுதான் முக்கியம். இதுல தண்ணி மாதிரி ஒண்ணு, எண்ணெய் ஒண்ணு. எண்ணெய்னா லிப்பியோடால், கசகசா எண்ணெயில அயோடின் சேர்த்தது. நெதர்லாந்துல 1119 பொண்ணுங்கள வச்சு பண்ண ஆராய்ச்சி 2017ல வந்துச்சு, எண்ணெய் விட்டவங்கள்ல 39.7 சதவீதம் பேருக்கு கர்ப்பம் தங்குச்சு, தண்ணி மருந்துல 29.1. கேட்டதும் எனக்கும் ஆசைதான். ஆனா எண்ணெய் சீக்கிரம் கரையாது, அயோடின் மாசக்கணக்குல கசியும், தைராய்டு குழம்பும், அபூர்வமா ரத்தக்குழாய்க்குள்ளயும் போயிரும். எனக்கு தைராய்டு டெஸ்ட்ல பாக்குற டிஎஸ்ஹெச் அளவு ஏற்கனவே அதிகம், அதனால தண்ணி மருந்தே போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வலி இருந்துச்சு, பீரியட்ஸ் வலி மாதிரி ஒரு பத்து நிமிஷம்.

எந்த டையா இருந்தாலும் கர்ப்பம் இல்லன்னு உறுதியா தெரிஞ்சுதான் பண்ணனும், அதான் பீரியட்ஸ் முடிஞ்ச கையோட கூப்பிடுவாங்க.

இதோ இந்த பேப்பர்ல பர்மீஸ்ல எழுதிருக்கேன், ஜி6பிடி, மன அழுத்த மாத்திரை, தைராய்டு, முன்னாடி வந்த அலர்ஜி, நாலே வரி. கேமரா பக்கத்துல புடிக்கிறேன், வீடியோவ நிறுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க, டாக்டர்கிட்ட அப்படியே நீட்டுங்க.