வாய்க்காலில் விழுந்த கொழுக்கட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுகதை எழுதப் பழக வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன புத்தகம் படிக்கட்டும் டீச்சர்?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "சின்ன வயசுல உங்களுக்குச் சோறு ஊட்டினது யாரு? ஊட்டும்போது என்ன கதை சொன்னாங்க?" ஒருவர் அம்மாச்சி என்பார், ஒருவர் அப்பத்தா என்பார், ஒருவர் பக்கத்து வீட்டு அக்கா என்பார். ஆனால் கதையைச் சொல்லச் சொன்னால் தயங்குவார்கள். "அதெல்லாம் சும்மா ராஜா ராணிக் கதை டீச்சர்." அந்தச் சும்மாக் கதையைத்தான் உட்கார்ந்து முழுசாகக் கேட்பேன். சிறுகதைக்கு வேண்டிய கதைமாந்தர், களம், முடிச்சு, உச்சம், முடிவு எல்லாம் அதிலே இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இவை தனித்தனித் தலைப்புகளாக வரும். சோற்றுக் கிண்ணத்தோடு வந்தபோது எல்லாம் சேர்ந்தே வந்தன, நமக்குத்தான் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பாட்டி வடை சுட்ட கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். காக்காவுக்கு ஒரே வாய். வடையைக் கவ்வியிருப்பதும் அந்த வாய்தான், பாட வேண்டியதும் அதே வாய்தான். வடையும் வேண்டும், அழகாகப் பாடுகிறது என்ற பேரும் வேண்டும். இரண்டும் ஒரு வாயில் அடங்காது. முடிச்சு என்று நாங்கள் வகுப்பில் சொல்வது இதைத்தான். முடிச்சு என்றதும் அடிதடி, விபத்து, சாவு என்று பலர் தேடிப் போகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. படுக்கையில் இருக்கும் அம்மாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியூரில் கிடைத்த வேலைக்கும் போக வேண்டும். ஆள் ஒன்றுதான். அதுவும் காக்காவின் வாய்தான். கதை எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதே, "காக்கா வாய் எங்கே?" என்றுதான். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை தோறும் கூடும் பிள்ளைகள் இப்போது தங்களுக்குள்ளேயே அப்படிக் கேட்டுக்கொள்கிறார்கள். வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடிய காக்காவின் கதையும் நம்மிடம் இருக்கிறதல்லவா? முடிச்சு அவிழ்ந்த விதம் மாறியது, ஏமாந்த காக்காவின் கதை விவரமான காக்காவின் கதை ஆகிவிட்டது.

இனி என் மனசுக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். கொழுக்கட்டைக் கதை. இதுவும் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் மிச்சத்தையும் பேசப் போகிறேன்.

ஒருத்தன் மாமியார் வீட்டுக்குப் போகிறான். அங்கே கொழுக்கட்டை செய்து போடுகிறார்கள். அவன் அதுவரை சாப்பிட்டதில்லை, ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. இதன் பேர் என்ன என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் பெண்டாட்டியைச் செய்யச் சொல்ல வேண்டும் என்று கிளம்புகிறான். பேர் மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். 'அத்திரிபாச்சா!' என்று ஒரே தாவு. அந்தப் பக்கம் இறங்கியதும் வாயில் 'அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா'. வீட்டுக்கு வந்து, "எனக்கு அத்திரிபாச்சா செய்து கொடு" என்கிறான். "அப்படின்னா என்னங்க?" என்கிறாள் அவள். "உங்க அம்மா செய்வாங்க, உனக்குத் தெரியாதா?" என்று கோபம் வந்து அடித்துவிடுகிறான். நெற்றி புடைத்துப் போகிறது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி, "அடப்பாவி, நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சே!" என்கிறாள். "ஆங், அதுதான், கொழுக்கட்டை!" என்கிறான் அவன். கதை முடிந்தது.

எவ்வளவு இறுக்கமான கதை பாருங்கள். கூட ஒரு சொல் இல்லை. களம் என்றால் என்ன என்பதற்கு இந்த வாய்க்காலைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பிள்ளைகள் எழுதும்போது, 'பச்சைப் பசேலென்ற வயல்வெளி, சலசலவென்று ஓடும் ஓடை' என்று அரைப் பக்கம் எழுதுவார்கள். அந்த ஓடையில் கதை முழுக்க ஒருவர் கால்கூட நனையாது. இங்கேயோ வாய்க்கால் எவ்வளவு அகலம், தண்ணீர் ஓடியதா, கரையில் என்ன மரம் நின்றது, எதுவும் தெரியாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. அவன் பேரோடு வீடு வந்து சேர்ந்திருப்பான், மறுநாள் கொழுக்கட்டை சாப்பிட்டிருப்பான். வாய்க்கால் ஒரு வேலை செய்கிறது. உங்கள் கதையில் மழை பெய்தால் அந்த மழையும் ஒரு வேலை செய்ய வேண்டும்.

முடிவையும் பாருங்கள். தொலைந்த சொல் எங்கிருந்து திரும்பி வருகிறது? அவனே கொடுத்த அடியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து ஒரு சாமியாரோ தேவதையோ வந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் கதையை நான் பல ஆண்டுகள் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளும் சிரிப்பார்கள். நூலகத்தில் ஒரு சனிக்கிழமை சொன்னபோது, ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி சிரிக்கவில்லை. கை தூக்கினாள். "டீச்சர், அவன் போனது அந்த அக்காவோட அம்மா வீட்டுக்குத்தானே? ஏன் அவங்களைக் கூட்டிட்டுப் போகல?"

எனக்கு அப்படியே வாயடைத்துப் போயிற்று. மாமியார் வீடு, மாமியார் வீடு என்றே சொல்லிச் சொல்லி, அது ஒருத்தியின் பிறந்த வீடு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் இன்னொன்றும் கேட்டாள். "அந்தக் கொழுக்கட்டை அவங்க சின்னப் பிள்ளையில சாப்பிட்டதுதானே டீச்சர்?"

யோசித்துப் பாருங்கள். பெண்டாட்டியின் அம்மா கையால் செய்த கொழுக்கட்டையை அவன் சாப்பிட்டுவிட்டு வருகிறான். அவள் வீட்டில் காத்திருக்கிறாள். அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, தம்பி பள்ளிக்கூடம் போகிறானா, வீட்டுக் கூரை மாற்றினார்களா என்று ஆயிரம் இருக்கும் அவளுக்குக் கேட்க. வந்தவன் வாயில் இருப்பது அர்த்தமில்லாத ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்காக அடி விழுகிறது. கதை அதேதான். நிற்கிற இடம் மாறிவிட்டது. யார் கண் வழியாகக் கதை நகர்கிறது என்பதை வகுப்பில் நோக்குநிலை என்று எழுதிப் போட்டு அரை மணி நேரம் விளக்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளை இரண்டு கேள்வியில் முடித்துவிட்டாள்.

விளாதிமிர் பிராப் என்ற ரஷ்ய அறிஞர் 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். ரஷ்ய மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செயல்கள் 31 என்று கணக்கிட்டார். எல்லாம் ஒரே கதையில் வந்தாக வேண்டும் என்பதில்லை, ஆனால் வரும் வரிசை மாறாது என்றார். அதில் முதலாவது, வீட்டில் ஒருவர் வெளியே கிளம்பிப் போவது. நம் கதைகளிலும் அப்படித்தான். ராஜகுமாரன் கிளம்புவான், மருமகன் கிளம்புவான், ஏழு கடல் ஏழு மலை தாண்டி கிளிக்குள் இருக்கும் ராட்சசன் உயிரைத் தேடிப் போவான். கிளம்பியவன் பின்னாலேயே கதையும் போய்விடும். வீட்டில் இருந்தவள் என்ன செய்தாள் என்று கதை கேட்பதில்லை. அந்த ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள். நாட்டுப்புறக் கதை நிற்கிற இடமும் சிறுகதை தொடங்குகிற இடமும் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

நம் பெரிய எழுத்தாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். வ.வே.சு. ஐயர் 1915இல் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' கதையை, தமிழின் முதல் சிறுகதை என்று பலர் சொல்வார்கள், வேறு கதைகளைச் சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கு இப்போது வேண்டாம். ருக்மிணி என்ற பெண்ணின் கதையை அதில் சொல்வது யார்? குளத்தங்கரையில் நிற்கும் மரம். மரம் பேசுவது பாட்டி கதையில் சாதாரணம். ஐயர் அந்தப் பேசும் மரத்தை எடுத்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எதையும் தடுக்க முடியாமல் நிற்கிற ஒரு சாட்சியாக ஆக்கிவிட்டார். புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அகலிகை பக்கம் போய் நின்றார். சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருடைய அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். பழைய கதையின் உடம்பில் ஓர் எலும்பைக்கூட அவர் முறிக்கவில்லை. அவள் அதை எப்படிக் கேட்டிருப்பாள் என்று மட்டும் கேட்டார்.

கதைமாந்தர் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாயக் கதையில் ஒருவரைக் காட்ட ஒரு சொல் போதும். பேராசைக்காரன், சோம்பேறி, கடைக்குட்டி, சித்தி. சித்தி என்றால் கொடுமைக்காரி என்று நாமே எழுதிக்கொள்வோம். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளின் 1812ஆம் ஆண்டு முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட் கதையில் அந்தப் பெண்ணைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819இல் வந்த அடுத்த பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். குழந்தைகள் கேட்கிற கதையில் பெற்றவளே அப்படிச் செய்தாள் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் சிறுகதை எழுத வருகிறவர் அந்த முதல் பதிப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். பெற்றவள்தான் செய்தாள் என்றால் ஏன் செய்தாள் என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்த 'ஏன்' வந்ததும் அவள் ஒற்றைச் சொல்லில் அடங்க மாட்டாள், மனுஷியாகிவிடுவாள். உங்கள் கதையில் கெட்டவர் ஒருவர் இருந்தால், அவர் சித்தியாகவே நின்றுவிட்டாரா என்று ஒருமுறை பாருங்கள்.

இந்த இடத்தில் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கதை சொல்லும்போது எதிரில் இருப்பவர் 'உம்' கொட்ட வேண்டும். உம் கொட்டாவிட்டால் என் அம்மாச்சி கதையை நிறுத்திவிடுவார். "தூங்கிட்டியா?" என்பார். உம் சத்தம் தேய்ந்தால் ராட்சசனைக் கொஞ்சம் சீக்கிரமாகக் கொண்டுவருவார். உம் விரைந்தால் வேண்டுமென்றே நிறுத்தி வெற்றிலையைக் கிள்ளுவார். எங்கே இழுப்பது, எங்கே ஓடுவது என்பதை அந்த உம்மிலிருந்துதான் அவர் கற்றிருக்க வேண்டும். எழுதுகிறவருக்கு உம் கொட்ட ஆள் இல்லை. அதனால் எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவரை உட்கார வைத்து வாய்விட்டுப் படியுங்கள். உம் எங்கே நிற்கிறதோ அங்கே அடித்துத் திருத்துங்கள். வானொலியில் பேசுகிற எனக்கும் உங்கள் உம் கேட்காது. கேட்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரல் காட்டுகிறார்கள். முடிவைப் பற்றி மட்டும் பேசிவிடுகிறேன்.

கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் 1991இல் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைகளில் நம் தமிழ்க் கதை ஒன்று வருகிறது. ஒரு விதவைத் தாய். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நான்கு பேரும் அவளைத் திட்டுகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. மனசுக்குள்ளேயே வைத்து வைத்து உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி செய்கிறார்கள். ஒரு நாள் ஊருக்கு வெளியே நடந்து போகிறாள். கூரையில்லாத ஒரு பாழடைந்த வீடு. உள்ளே போய், ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததையெல்லாம் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பும் கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகள், அடுத்ததிடம் இளைய மகன், கடைசிச் சுவரிடம் இளைய மருமகள். நான்கும் விழுந்தன. இடிபாட்டுக்கு நடுவில் பாரமெல்லாம் இறங்கி நிற்கிறாள். பிறகு வீட்டுக்குப் போகிறாள்.

அவ்வளவுதான். மகன்கள் திருந்தினார்களா? சொல்லவில்லை. மறுநாள் திட்டினார்களா? சொல்லவில்லை. மாறியவள் அவள், மாறியதும் கதை நின்றுவிடுகிறது. பிள்ளைகள் எழுதும் கதைகளில் கடைசிப் பத்தியில் எல்லாரும் திருந்தி மன்னிப்புக் கேட்பார்கள். அந்தப் பத்தியை மடித்து மறைத்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்வேன்.

உரையாடல் பற்றி எழுதிக் கொண்டுவந்த தாள் அப்படியே கையில் இருக்கிறது, நேரம் இல்லை. ஒன்றே ஒன்று. கொழுக்கட்டைக் கதையில் அந்தப் பெண் வாய் திறந்து சொல்வது, "அப்படின்னா என்னங்க?" மட்டும்தான். அடுத்த சனிக்கிழமை அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் கேட்கிறாள், "அம்மா எப்படி இருக்காங்க?" அவன், "அத்திரிபாச்சா" என்கிறான்.

நேயர்களே, வணக்கம்.