மெக்டொனால்டுகளின் மூதாதை யார்?

நேயர்களுக்கு வணக்கம். 1411 ஜூலையில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, ஹார்லா என்ற இடத்தில் பெரிய சண்டை ஒன்று நடந்தது. மேற்குத் தீவுகளிலிருந்து வந்த மெக்டொனால்டு குலப் படை மோதுவதற்கு முன், அவர்களுடைய பரம்பரைப் பாணர் எழுந்து, 'கொன்னின் மக்களே' என்று விளித்துப் பாடினார் என்பது மரபு. கொன் யார்? அயர்லாந்தின் பழங்கதைகளில் வரும் அரசர். அதாவது, தாங்கள் ஐரிஷ் அரச ரத்தம் என்பதுதான் அந்தக் குலத்தின் பெருமை.

குலம் என்று நான் சொல்வதை அங்கே 'கிளான்' என்பார்கள். அயர்லாந்துக்கும் அந்தத் தீவுகளுக்கும் பொதுவான கேலிக் மொழியில் அதற்குப் 'பிள்ளைகள்' என்று பொருள். 'மெக்' என்றால் மகன். மெக்டொனால்டு, டொனால்டின் மகன். பெண்ணாக இருந்தால் கேலிக்கில் 'மெக்' போடமாட்டார்கள், 'நிக்' என்பார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. மகளும் 'மகன்' ஆகிவிட்டாள்!

சரி, அந்த டொனால்டு யார்? 12ஆம் நூற்றாண்டில் மேற்குக் கடலை ஆட்டிவைத்த சோமர்லெட்டின் பேரன். சோமர்லெட்டின் ஒரு மகன் டூகல். அவன் வழியினர் மெக்டூகல்கள். இன்னொரு மகன் ரானல்டு; அவனுடைய பிள்ளைதான் டொனால்டு. இந்த சோமர்லெட் 1156இல், ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவின் அரசனோடு கடலில் மோதித் தீவுகளில் ஒரு பங்கைப் பிடித்தான். இத்தனைக்கும் அந்த அரசன் அவனுடைய மைத்துனன். 1164இல் ஸ்காட்லாந்து அரசனையே எதிர்த்துக் கப்பல்களோடு கிளம்பி, ரென்ஃப்ரூ அருகே செத்தான்.

அவன் தகப்பன் பெயரும் தாத்தா பெயரும் சுத்தமான கேலிக். அவன் பெயர் மட்டும் நார்வே பக்கத்துக் கடலோடிகளான வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி: 'கோடைப் பயணி'. கோடையில் கப்பலேறிக் கொள்ளைக்குப் போகிறவனுக்குப் பொருத்தமான பெயர்தான்.

கதை இங்கேதான் திரும்புகிறது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், குலத்தின் வெவ்வேறு கிளைத் தலைவர்களிடம் அதைச் சோதித்தார். எல்லாரிடமும் ஒரே வகை. அதுவும் நார்வேயில் சாதாரணமாகக் காணப்படுவது, அயர்லாந்தில் அபூர்வம். பாணர் பாடியது ஒன்று, ரத்தம் சொன்னது வேறொன்று.

பாணர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தீவுகளில் நார்ஸ்காரர்கள் கேலிக் வீடுகளில் பெண் எடுத்து, கேலிக் பேசி, கேலிக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். எந்த மொழியில் பாட்டு இருந்ததோ அந்த மொழியில் மூதாதையும் கிடைத்தார். அப்புறம் இன்னொன்று: மெக்டொனால்டு என்று பெயர் வைத்திருக்கும் ஆண்கள் பலரிடம் இந்தக் குரோமோசோமே இல்லை. தலைவனின் நிலத்தில் உழுது, அவன் காவலில் வாழ்ந்த குடிகளும் அவன் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். 'பிள்ளைகள்' என்ற சொல்லில் அவர்களும் அடக்கம்.

டொனால்டின் வழியினர் 'தீவுகளின் பிரபு' என்ற பட்டத்தோடு, ஐலா தீவின் ஃபின்லகன் ஏரி நடுவே அவை கூட்டி ஆண்டார்கள். புதுத் தலைவன் பட்டமேற்கும்போது, கல்லில் வெட்டிய ஒரு பாதச்சுவட்டில் கால் வைத்து நிற்பானாம். முன்னோர் தடத்தில் நடப்பேன் என்பதற்கு அடையாளம். 1493இல் நான்காம் ஜேம்ஸ் மன்னன் அந்தப் பிரபுத்துவத்தைப் பறித்தான். இன்றைக்கு அந்தப் பட்டம் பிரிட்டிஷ் அரியணையின் வாரிசிடம் இருக்கிறது. எந்த மெக்டொனால்டிடமும் இல்லை.

நேரமாகிவிட்டது. வணக்கம்.