ஆறரை ஆண்டுக் காத்திருப்பு: சில்க்சாங்கும் கண்காட்சி மேடைகளும்

[திரை: எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியின் பதிவு. சிவப்பு அங்கி அணிந்த பூச்சி வீராங்கனை ஊசியைச் சுழற்றிக்கொண்டு பாய்கிறாள்.]

2022 ஜூன் 12. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியை நேரலையில் ஒளிபரப்புகிறது. சிவப்பு அங்கி, கையில் வாளைப்போல நீண்ட ஊசி. அவள் பெயர் ஹார்னெட். வீடியோ கேமின் பெயர் ஹாலோ நைட்: சில்க்சாங். மூன்று ஆண்டுகளாக இந்த ஒரு பெயருக்காகவே எல்லா நிகழ்ச்சிகளையும் விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அன்று இரட்டைக் கொண்டாட்டம். ஏனென்றால் அதே நிகழ்ச்சியில் இன்னொரு வாக்கும் கொடுக்கப்பட்டது: இன்று காட்டிய அனைத்தும் அடுத்த 12 மாதங்களுக்குள் விளையாடக் கிடைக்கும்.

சில்க்சாங் வெளிவந்தது 2025 செப்டம்பர் 4 அன்று.

அந்த விளையாட்டு நன்றாக இருக்கிறதா, கடினமா, எத்தனை மணி நேரம் ஓடும் என்பவை இந்த வீடியோவின் வேலை அல்ல. மூன்றே பேரை மையமாகக் கொண்ட ஒரு சிறு நிறுவனம் தன் அறையில் அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, உலகெங்கும் இருந்த ரசிகர்கள் ஜூன், ஆகஸ்ட், டிசம்பர் என்று மாதம் குறித்துக் காத்திருந்து ஏமாந்தார்கள். அந்த மாதங்களை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

[திரை: லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு மையத்தின் முகப்பு. 1995.]

1995 மே மாதம். லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு மையத்தில் இ3 என்ற கண்காட்சி முதன்முறையாக நடந்தது. அதுவரை வீடியோ கேம் நிறுவனங்கள் பொது மின்னணுப் பொருட்களின் கண்காட்சியில் ஓர் ஓரத்தில் கடை விரித்துக்கொண்டிருந்தன. தங்களுக்கென்று ஒரு திடல் கிடைத்ததும் முதல் ஆண்டிலேயே நாடகம் அரங்கேறியது. சேகா நிறுவனம் தன் சாட்டர்ன் கன்சோலை (விளையாட்டுக் கருவியை) 399 டாலருக்கு அன்றே கடைகளுக்கு அனுப்பிவிட்டதாக அறிவித்து எல்லோரையும் திகைக்கவைத்தது. பிறகு சோனியின் முறை வந்தபோது ஸ்டீவ் ரேஸ் மேடையேறினார். "299" என்றார். இறங்கிப் போய்விட்டார். பிளேஸ்டேஷனின் விலை அது.

அந்த ஒற்றை எண்ணுக்குக் கைதட்டியவர்கள் ரசிகர்கள் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. அரங்கில் இருந்தவர்கள் கடைச் சங்கிலிகளின் கொள்முதல் அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும்தான். அமெரிக்காவில் விளையாட்டுகள் மிக அதிகமாக விற்பது நவம்பர், டிசம்பர் பண்டிகைக் காலத்தில். அதற்கான அலமாரி இடத்தையும் ஆர்டரையும் சில மாதங்கள் முன்னதாகவே முடிவுசெய்தாக வேண்டும். ஆகவே கோடையின் தொடக்கத்தில் ஒரு சந்தை. ரசிகர்கள் இன்று ஜூன் மாதத்தைத் திருவிழா மாதமாகக் கருதுவதன் வேர், ஏதோ ஒரு கொள்முதல் அதிகாரியின் ஆர்டர் புத்தகத்தில் இருக்கிறது.

நேரலை ஒளிபரப்பு வந்ததும் மேடை திரும்பிக்கொண்டது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகரை நோக்கிப் பேசத் தொடங்கியது. நின்டெண்டோ 2011-இல் 'டைரக்ட்' என்ற பெயரில் முன்கூட்டியே பதிவு செய்த காணொளிகளை வெளியிட ஆரம்பித்து, 2013 முதல் இ3-இன் பெரிய மேடையையே கைவிட்டது. சோனி 2019-இல் வரவே இல்லை. 2020-இல் கொரோனா. 2023 டிசம்பரில் இ3 நிரந்தரமாக மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சந்தை போய்விட்டது, சந்தை நாள் மட்டும் தங்கிவிட்டது. ஜூனில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜெஃப் கீலி நடத்தும் சம்மர் கேம் ஃபெஸ்ட், ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கேம்ஸ்காம், டிசம்பரில் மறுபடியும் கீலியின் விருது விழா. நடுநடுவே நின்டெண்டோவின் டைரக்ட். இதுதான் ரசிகரின் பஞ்சாங்கம்.

[திரை: அடிலெய்ட் நகரம். டீம் செர்ரியின் சின்னம்.]

இப்போது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் போவோம். அரி கிப்சன், வில்லியம் பெல்லன் இருவரும் தொடங்கிய டீம் செர்ரி, 2014 இறுதியில் பொதுமக்களிடம் நிதி திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாக 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டது. 57,000-க்கும் சற்று மேலே கிடைத்தது. 2017 பிப்ரவரியில் கணினிக்கு வந்த ஹாலோ நைட், ஒரு விளம்பரப் பலகைகூட இல்லாமல் வாய்வழியாகவே பரவியது. 2025-க்குள் 1.5 கோடிப் பிரதிகள் விற்றுவிட்டன.

நிதி திரட்டியபோது கூடுதல் இலக்கு ஒன்று வைத்திருந்தார்கள்: அதை எட்டினால் இரண்டாவது கதாபாத்திரம் ஒன்றையும் வைத்து விளையாடலாம். அந்தக் கதாபாத்திரம்தான் ஹார்னெட். முதல் விளையாட்டுக்கு ஒரு சிறிய இணைப்பாக வரவேண்டியது, வளர்ந்து வளர்ந்து தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது என்று 2019 பிப்ரவரி 14 அன்று அறிவித்தார்கள். அதுதான் சில்க்சாங்.

அதற்கு எட்டு மாதம் முன்பு நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். என் கணக்கில், பின்னால் வந்த அத்தனை ஏமாற்றத்துக்கும் விதை அதுவே. 2018 ஜூன் 12, இ3 வாரம். நின்டெண்டோவின் காணொளியில் ஹாலோ நைட் தோன்றியது. ஸ்விட்ச் கன்சோலுக்கு எப்போது வரும் என்று பலர் கேட்டுக்கொண்டிருந்த விளையாட்டு. பதில்: இன்றே. காணொளி முடிந்ததும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அன்று அதைப் பார்த்த ரசிகருக்கு ஒரு பாடம் மனத்தில் பதிந்துவிட்டது. டீம் செர்ரி முன்கூட்டியே எதுவும் சொல்லாது, ஒரு நாள் திடீரென்று கதவைத் திறக்கும். ஆகவே எந்த நிகழ்ச்சியையும் தவறவிடக் கூடாது.

2019 ஜூனில் இ3-இல் சில்க்சாங்கின் மாதிரிப் பகுதியை விளையாடவே முடிந்தது. நின்டெண்டோ அதை நேரலையிலும் ஆடிக்காட்டியது. கையில் பிடித்து விளையாடக் கூடிய நிலையில் இருக்கும் ஒன்று வெளிவர இன்னும் ஆறு ஆண்டு ஆகும் என்று யார்தான் நினைப்பார்கள்? கண்காட்சி மாதிரி எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். ஓரிரு பகுதிகளை மட்டும் மெருகேற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும்படி அடைத்துக் கொடுப்பதுதான் மாதிரி. கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று என்பதால் சமையல் முடிந்துவிட்டது என்று அர்த்தம் ஆகாது.

[திரை: ஒப்பனையிட்ட கோமாளி முகங்களின் வரிசை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேதி.]

அதன் பிறகு கோமாளிகள் வந்தார்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் சில்க்சாங் ரசிகர்கள் தங்களைத் தாங்களே கோமாளி ஒப்பனையில் வரைந்துகொள்வார்கள். "இந்த முறை நிச்சயம் வரும்" என்று சொல்லும்போதே, வராது என்பதும் தெரிந்திருக்கும். மறுநாள் ஏமாந்ததும் சிவப்பு மூக்குடன் சிரித்துக்கொள்வார்கள். யூடியூபில் ஒருவர் நாள்தோறும் 'இன்றைய சில்க்சாங் செய்தி' என்று காணொளி போட்டார். பெரும்பாலான நாட்களில் செய்தி, செய்தி இல்லை என்பதே. வேறு எந்த விளையாட்டின் நேரலையிலும் அரட்டைப் பகுதியில் சில்க்சாங் எங்கே என்ற கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். அன்று மேடையேறிய மற்ற படைப்பாளிகளுக்கு இது எரிச்சலூட்டியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இவற்றில் எனக்குப் பிடித்தது கேக் விவகாரம். 2025 ஜனவரியில் வில்லியம் பெல்லன் தன் சமூக ஊடகக் கணக்கின் பெயரை மாற்றி, முகப்புப் படமாக ஒரு சாக்லேட் கேக்கை வைத்தார். ஏதோ பெரிதாக வரப்போகிறது, கண்களை இறுக மூடிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வரியும் எழுதினார். அவ்வளவுதான். அந்தக் கேக்கின் படம் எந்தச் சமையல் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குறிப்பில் இருந்த தேதி ஏப்ரல் 2. அதே வாரத்தில் நின்டெண்டோ தன் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கான காணொளி ஏப்ரல் 2 அன்று வரும் என்று அறிவித்தது. கேட்க வேண்டுமா? கடைசியில் டீம் செர்ரியின் விளம்பரப் பொறுப்பாளரே வந்து, அப்படி ஒரு புதிரும் இல்லை, விளையாட்டு உண்மையில் இருக்கிறது, வேலை நடக்கிறது, வெளிவரும் என்று விளக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 2 வந்தது. அந்தக் காணொளியில் சில்க்சாங் சில நொடிகள் தோன்றியது. கீழே '2025' என்று மட்டும் இருந்தது. கேக்கை ஆராய்ந்தவர்கள் அன்று அடைந்த பெருமிதத்தை நான் கெடுக்கப்போவதில்லை.

[திரை: 2022 எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டப்பட்ட விளையாட்டுகளின் படங்கள், வெளியான தேதிகளுடன்.]

சரி, அந்த 12 மாத வாக்குறுதிக்கு வருவோம். அது ஏன் சொல்லப்பட்டது? அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் மேடையில் பெயர்ப்பலகையை மட்டும் காட்டிவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. 2018 இ3-இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-க்கு மலைத்தொடரும் தலைப்பும் வரும் ஒரு துண்டு வெளியானது. அரை நிமிடம் சொச்சம். 2017-இல் மெட்ராய்டு பிரைம் 4 வெறும் இலக்கமாகத் தோன்றியது. 2019 ஜனவரியில், இதுவரை செய்ததை விட்டுவிட்டு வேறு குழுவுடன் முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று நின்டெண்டோ சொன்னது. விளையாட்டு வந்தது 2025 டிசம்பரில். இப்படிப் பெயரைக் காட்டியே ஆண்டுகளை ஓட்டியதில் ரசிகர்கள் சலித்திருந்தார்கள். அந்தச் சலிப்புக்கு மருந்தாகத்தான் மைக்ரோசாஃப்ட் காலக்கெடுவோடு பேசியது.

நல்ல எண்ணம்தான். ஆனால் கெடுவை அறிவித்தது ஒருவர், அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் வேறு பலர். அன்று காட்டப்பட்ட ஸ்டார்ஃபீல்டு 2023 செப்டம்பரில் வந்தது. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் அக்டோபரில் வந்தது. இரண்டும் மைக்ரோசாஃப்டின் சொந்த விளையாட்டுகள், அவையே கெடுவைத் தாண்டின. அப்படியிருக்க, அடிலெய்டில் ஓர் அறையில் இருந்த சிறு குழுவின் வேலைக்கு எப்படி உறுதி தர முடியும்? 2023 மே மாதம் டீம் செர்ரி தரப்பிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. ஆண்டின் முதல் பாதியில் வெளியிட நினைத்திருந்தோம், விளையாட்டு பெரிதாகிவிட்டது, இன்னும் நேரம் வேண்டும். அவ்வளவுதான் அந்தக் குறிப்பின் சாரம்.

மேடையில் ஒரு நிமிடம் என்பது சும்மா வருவதும் அல்ல. 2024 சம்மர் கேம் ஃபெஸ்டில் ஒரு நிமிட முன்னோட்டத்துக்கு 2,50,000 டாலர், இரண்டரை நிமிடத்துக்கு 5,50,000 டாலர் என்று எஸ்குயர் இதழ் அப்போது செய்தி வெளியிட்டது. சிலருக்கு இலவச இடமும் உண்டு. பணம் கொடுத்த நிமிடத்தில் பரபரப்பு கிளம்ப வேண்டும், அதற்குத் தேதி வேண்டும், இல்லாவிட்டால் தேதிபோலத் தோன்றும் ஏதாவது வேண்டும். ஆண்டுதோறும் குறித்த நாளில் திரை உயர்ந்தே ஆகவேண்டிய நிகழ்ச்சிக்கு இது இயல்பு. விளையாட்டு உருவாகும் வேகத்துக்கும் அந்த நாளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் சிக்கல்.

அறைக்குள் என்ன நடந்தது? 2025 ஆகஸ்டில் புளூம்பெர்க் செய்தியாளர் ஜேசன் ஷ்ரையருக்குக் கொடுத்த பேட்டியில் கிப்சனும் பெல்லனும் அதைச் சொன்னார்கள். சண்டை இல்லை, நெருக்கடி இல்லை, பாதியில் தூக்கியெறிந்த வேலையும் இல்லை. முதல் விளையாட்டின் விற்பனையால் கையில் பணம் இருந்தது, செய்வது மகிழ்ச்சியாக இருந்தது, புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். வரைவதெல்லாம் விளையாட்டுக்குள் போய்விடுவதால் ஒரு கட்டத்தில் வரைவதையே நிறுத்த வேண்டியிருந்தது என்றார் கிப்சன். அடிக்கடி செய்தி வெளியிடாததற்கும் காரணம் எளிமையானது: வேலை நடக்கிறது என்பதைத் தவிர அவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டுச் சிலர் கோபப்பட்டார்கள். இத்தனை பேர் தவித்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தீர்களா என்று. எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை. தவிப்புக்கு நாள் குறித்தவர்கள் அவர்கள் அல்லவே.

[திரை: கொலோன் கண்காட்சி அரங்கு. 2025 ஆகஸ்ட்.]

முடிவு எங்கே நடந்தது என்று பாருங்கள். 2025 ஆகஸ்ட் 20 முதல் 24 வரை கேம்ஸ்காம். எக்ஸ்பாக்ஸ் அரங்கில் சில்க்சாங்கை வரிசையில் நின்று விளையாடலாம். மேடையில் தேதி வெளியாகும் என்று கோமாளிகள் மூக்கை எடுத்து வைத்துக்கொண்டார்கள். தேதி வந்தது, ஆனால் மேடையில் வரவில்லை. ஆகஸ்ட் 21 அன்று டீம் செர்ரி தன் யூடியூப் பக்கத்தில் ஒரு முன்னோட்டத்தைப் போட்டது. கடைசியில் ஒரு வரி: செப்டம்பர் 4. இரண்டே வாரம்.

அதுவரை காத்திருந்தவர்கள் ரசிகர்கள். இப்போது ஓடியவர்கள் மற்ற சிறு நிறுவனங்கள். செப்டம்பர் 3-க்குத் திட்டமிட்டிருந்த டெமன்ஸ்கூல் நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனது. இன்னும் சில விளையாட்டுகளும் அந்த வாரத்தைக் காலி செய்தன. ஒரு முழுப் படையே வழிவிட்ட பிறகு, இந்திய நேரப்படி செப்டம்பர் 4 இரவு ஏழரை மணிக்குக் கடை திறந்தது. முன்பதிவு கிடையாது, எனவே எல்லோரும் ஒரே நொடியில் வாங்க வந்தார்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் திணறியது. நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் கடைகளும் திணறின. விலை 20 டாலர். ஸ்டீமில் மட்டும் முதல் நாளிலேயே ஒரே நேரத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் பேச்சு முற்றிலும் மாறிவிட்டது. ஆரம்பத்திலேயே எதிரிகள் இவ்வளவு அடிக்கலாமா என்று ஒரு கூட்டம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். சீன மொழிபெயர்ப்பு சரியில்லை என்று சீன ரசிகர்கள் ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தார்கள். மொழிபெயர்ப்பைத் திருத்துவதாக டீம் செர்ரி சொன்னது. முதல் திருத்தப் பதிப்பில் தொடக்கப் பகுதி எதிரிகளின் பலத்தைக் கொஞ்சம் குறைத்தது.