கார்டுக்கு மேலே எழுதியதும் உள்ளே இருப்பதும்

வணக்கம் நேயர்களே. நான் செங்கோட்டையிலிருந்து வருகிறேன். அங்கே ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மலைக்கு இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர், அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். இரண்டு பக்கக் கல்யாணத்துக்கும் காமிரா தூக்கிக்கொண்டு போகிறவன். ஜோடிகளை 13 கண் பாலத்தில் நிற்க வைத்து எடுத்த படத்துக்கெல்லாம் கணக்கே கிடையாது.

மெமரி கார்டு பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, தபால்தலை அளவுச் சாமானைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் நான் அதில் பட்ட பாடு ஞாபகத்துக்கு வந்தது. சரி என்றேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் பரோட்டா சாப்பிட வருகிறவர்களுக்கு பிரானூர் பார்டரைத் தெரிந்திருக்கும். பேர் என்னவோ பார்டர். வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கி, "கேரளா எங்கே ஆரம்பிக்குது அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். கேரளாவுக்கு இன்னும் செங்கோட்டையைத் தாண்டி, புளியரையைத் தாண்டி, மலை ஏற வேண்டும். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் அது நிஜமாகவே எல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை இந்தப் பக்கம் சேர்ந்த பிறகு எல்லை மலைக்குப் போய்விட்டது, பேர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. பேரை நம்பிப் போனால் பரோட்டா கிடைக்கும், எல்லை கிடைக்காது. மெமரி கார்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேலே பெரிசாக எழுதியிருப்பது ஒன்று, நமக்கு வேண்டியது வேறொன்று.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய நகரத்துக்குச் சாமான் வாங்கப் போனவன், நடைபாதைக் கடையில் ஒரு கார்டு வாங்கினேன். 128 ஜிபி. கடைகளில் 32 ஜிபிக்கு என்ன விலையோ அந்த விலைக்கு. பெயர் பெற்ற கம்பெனியின் அட்டை, அதே நிறம், அதே எழுத்து. நாலு மாசம் அது ஒரு குறையும் வைக்கவில்லை. காதுகுத்து, பால்காய்ப்பு, பாஸ்போர்ட் போட்டோ என்று சின்னச் சின்ன வேலைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று, நாலு ஜிபி நிரம்பும். கம்ப்யூட்டருக்கு மாற்றுவேன், கார்டைத் துடைப்பேன், மறுபடி போடுவேன்.

அப்புறம் புனலூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டு முடிந்தது, சத்யை என்கிற இலைவிருந்து முடிந்தது, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எடுக்க எடுக்க காமிராத் திரையில் படம் அழகாகத்தான் தெரிந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் தாலி கட்டு வரை சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகு கோப்பின் பேர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறந்தால் பாதி சாம்பல் நிறம். இன்னும் பலது திறக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் மாமா போன் செய்தார். "சேட்டா, அம்மூம்மயுடெ ஃபோட்டோ எவிடெ?" பெண்ணின் பாட்டியை நாற்காலியோடு தூக்கி வந்து அரை மணி நேரம் மேடையில் வைத்திருந்தார்கள். அத்தனை படமும் போச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய், பெண்ணைக் கல்யாணச் சேலை கட்டச் சொல்லி, பாட்டி பக்கத்தில் உட்கார வைத்து எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பெண்ணின் கழுத்தில் மாலை இல்லை.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்துகொண்டேன். கார்டுக்குள் படத்தைச் சேமிக்கிற சில்லு ஒன்று, அதற்குக் காவல்காரன் மாதிரி இன்னொரு குட்டிச் சில்லு. காமிரா கேட்பது இந்தக் காவல்காரனைத்தான். "உன் கிட்டங்கியில் எத்தனை மூட்டை அடுக்கலாம்?" என்று கேட்டால் அவன் சொல்வதை காமிரா அப்படியே நம்பும், உள்ளே போய் அளந்து பார்க்காது. போலி கார்டு செய்கிறவர்கள் அந்தக் காவல்காரனுக்குப் பொய் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். என் கார்டில் நிஜமாக இருந்தது 8 ஜிபி. அதற்குமேல் வந்த மூட்டையை எல்லாம் வாசலில் வாங்கி, சீட்டு எழுதிவிட்டு, தெருவில் போட்டிருக்கிறான். காமிராத் திரையில் படம் தெரிந்தது, எடுத்த நிமிஷத்தில் காமிராவின் சொந்த நினைவகத்தில் அது இருந்ததால். நாலு மாசமும் நான் 8 ஜிபியைத் தொடவே இல்லை, அதனால்தான் பொய் வெளியே வரவில்லை.

ஆகவே புது கார்டு வாங்கினால், எங்கே வாங்கினாலும் சரி, முதல் நாளே அதை முழுக்க நிரப்பிப் பாருங்கள். இதற்கென்றே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உண்டு. அவை கார்டு வாய் வரைக்கும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 64 ஜிபிக்கு ஒரு மணி நேரம், கூடக் கொஞ்சமும் ஆகலாம். போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். கம்ப்யூட்டர் இல்லையா? காமிராவை மேஜையில் வைத்து, ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக் கார்டு தீரும் வரை வீடியோ எடுங்கள். பிறகு முதல் துண்டு, நடுத் துண்டு, கடைசித் துண்டு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். மூன்றும் ஓடினால் கார்டை நம்பலாம்.

இதில் ஒரு விஷயம், கடைக்காரர்கள் பாவம். 64 ஜிபி என்று வாங்கிப் போனவர், கம்ப்யூட்டரில் 59.6 என்று காட்டுகிறதே, நாலு ஜிபியைத் திருடிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வருவார். அது திருட்டு இல்லை. கார்டு செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024-ஆகப் பெருக்கி எண்ணுகிறது. எங்கள் தாத்தா காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் அளவு மாறும் என்பார்கள், அது மாதிரி.

அடுத்தது வேகம். இங்கேதான் நிறையப் பேர் தேவையில்லாமல் காசு விடுகிறார்கள். கார்டின் நெற்றியில் 170, 200 என்று பெரிசாக ஒரு எண் இருக்கும். அது பெரும்பாலும் படிக்கிற வேகம், அதாவது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற வேகம். நமக்கு வேண்டியது எழுதுகிற வேகம். அது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். வட்டம் மாதிரி ஒரு சி எழுத்துக்குள் 10 என்று இருந்தால், வினாடிக்கு குறைந்தது 10 எம்பி எழுதும். யு எழுத்துக்குள் 1 என்றால் அதே 10, 3 என்றால் 30. வி 30 என்றாலும் 30, வி 60 என்றால் 60, வி 90 என்றால் 90. ஏ 1, ஏ 2 என்று ஒன்று இருக்கிறதே, அது போனில் செயலிகள் ஓடுவதற்கு. காமிராக்காரருக்கு அதனால் பத்துக் காசுப் பிரயோசனம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண காமிராக்களில், கார்டுக்குப் படம் போய் வர இருப்பது யுஹெச்எஸ் ஒன்று என்கிற வழி. அந்தப் பாதையின் எல்லையே வினாடிக்கு 104 எம்பி. 200 என்று எழுதிய கார்டை அதில் போட்டாலும் அதற்குமேல் ஓடாது. அந்த 200 வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியின் தனி ரீடர் வேண்டும். யுஹெச்எஸ் இரண்டு கார்டின் பின்பக்கம் பார்த்தால் தங்க நிறக் கம்பிகள் இரண்டு வரிசை இருக்கும். உங்கள் காமிராவுக்குள் அந்த இரண்டாவது வரிசையைத் தொடுகிற முள் இல்லாவிட்டால், நீங்கள் கொடுத்த கூடுதல் காசு அட்டையோடு குப்பைக்குத்தான்.

சரி, எவ்வளவு வேகம் போதும்? 4கே வீடியோ பல காமிராக்களில் வினாடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் பதிவாகும். பிட்டை எட்டால் வகுத்தால் பைட். ஆக வினாடிக்கு பன்னிரண்டரை எம்பி. வி 30 கார்டு இதற்குத் தாராளம். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். வீடியோவே எடுக்காமல், கோயில் திருவிழாவும் குழந்தைகளும் மட்டும் எடுக்கிறவருக்கு இன்னும் மலிவான கார்டே போதும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைக் கற்றுக் கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம். நம்ம ஊர்க் கல்யாணம் விடிகாலையில் ஆரம்பித்து நின்று நிதானமாக நடக்கும். தாலி கட்டின படம் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு தடவை தொட்டுக் காட்டச் சொல்கிற போட்டோகிராபரும் உண்டு. கேரளத்தில் பல கல்யாணங்களில் தாலி, மாலை, புடவை கொடுப்பது எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பொத்தானை அழுத்தியபடியே தொடர்ச்சியாகச் சுட வேண்டும். அப்போது படங்கள் முதலில் காமிராவின் தற்காலிக நினைவகத்தில் குவியும், கார்டு அதை மெதுவாக வாங்கினால் குவியல் தீராது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், காமிரா அடுத்த படத்துக்கு மறுக்கும். மாப்பிள்ளை மாலை போட்டு முடித்திருப்பார். பறவை எடுக்கிறவர்கள், விளையாட்டு எடுக்கிறவர்கள், எங்களைப் போன்றவர்கள், இவர்கள் மட்டும் வேகமான கார்டுக்குக் காசு கொடுக்கலாம். ரா கோப்பு, அதாவது காமிரா பக்குவப்படுத்தாமல் அப்படியே தருகிற பச்சைப் படம், அதை எடுக்கிறவர்களும்தான். 24 மெகாபிக்சல் காமிராவில் ஒரு ரா படமே 25, 30 எம்பி வரும்.

இப்போது காலேஜ் பிள்ளைகளிடம் ஒரு மோகம். அப்பா காலத்துக் குட்டி டிஜிட்டல் காமிராவைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, 64 ஜிபி கார்டைப் போட்டு, "அங்கிள், கார்டு எரர் வருது" என்று வருகிறார்கள். காமிராவிலும் குற்றமில்லை, கார்டிலும் குற்றமில்லை. எஸ்டி என்று மட்டும் எழுதிய கார்டு 2 ஜிபி வரை. எஸ்டிஹெச்சி 2006-இல் வந்தது, 32 ஜிபி வரை. எஸ்டிஎக்ஸ்சி 2009-இல், அதற்கு மேலே. அதற்கு முந்தின காமிராவுக்கு அந்தக் கார்டின் பாஷையே தெரியாது. நமக்கு மலையாளம் பாதியாவது புரியும், அதற்கு அதுகூட இல்லை. காமிராவின் கையேட்டைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற கார்டை வாங்குங்கள். 

விலை நான் சொல்லப் போவதில்லை. இன்று சொன்னால் அடுத்த மாசம் நேயர் கடிதம் வரும். கணக்குப் போடுகிற முறையைச் சொல்கிறேன். விலையை ஜிபியால் வகுங்கள். மூன்று நாலு கடையில் விசாரித்தால் ஒரு ஜிபிக்கு என்ன போகிறது என்று தெரிந்துவிடும். ஒரு கடையில் மட்டும் பாதிக்குக் கீழே இருந்தால் அது தள்ளுபடி இல்லை, என் புனலூர்க் கல்யாணம். சான்டிஸ்க், சாம்சங், லெக்சர், கிங்ஸ்டன், டிரான்சென்ட், சோனி, இப்படிப் பேர் பெற்றவர்கள் செய்கிற நடுத்தர கார்டு போதும். பில்லோடு வாங்க வேண்டும். இணையத்தில் வாங்கினால் பொருளின் பேரைப் பார்த்தால் போதாது, விற்கிறவர் யார் என்று பாருங்கள்.

128 ஒன்று வாங்குவதா, 64 இரண்டு வாங்குவதா? நான் இரண்டு கார்டுக் கட்சி. ரோல் போட்டு எடுத்த காலத்தில் 36 படத்துக்கு ஒரு ரோல். ஒன்று கெட்டால் 36 போகும், மிச்சம் பையில் இருக்கும். ஒரே கார்டில் முழுக் கல்யாணத்தையும் வைத்தால் அந்த நிம்மதி கிடையாது. காமிராவில் இரண்டு கார்டு போடுகிற வசதி இருந்தால் ஒரே படத்தை இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகி காமிராவில் போடுவதை நான் விரும்புவதில்லை. தொடுமுனை கூடக் கூட, பழுதாகிற இடமும் கூடுகிறது.

தண்ணீரைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். ஒரு சீசனில், ஐந்தருவியில் காமிராவைத் தவறவிட்ட ஒருவர் என் கடைக்கு வந்தார். காமிரா செத்துவிட்டது. கார்டை எடுத்து, துடைத்து, நிழலில் இரண்டு நாள் காய வைத்துப் போட்டோம். குடும்பம் முழுக்கக் குளிக்கிற படம் ஒன்று விடாமல் இருந்தது. உள்ளே ஓடுகிற பாகம் எதுவும் இல்லாததால் அது தாங்குகிறது. அதற்காக கார்டையே பெட்டகமாக வைத்துக்கொள்ளாதீர்கள். எடுத்ததை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மின்சாரம் படாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கிற கார்டு, உள்ளே இருப்பதைப் பைய மறந்துவிடும்.

தவறி அழித்துவிட்டால்? உடனே காமிராவை அணைத்து, கார்டை வெளியே எடுங்கள். அழிப்பது என்பது படத்தை அழிப்பதில்லை, இந்த இடம் காலி என்று பட்டியலில் குறிப்பதுதான். மேலே புதிசாக ஒரு படமும் எழுதாத வரை, ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். "சரி, போனது போகட்டும்" என்று இன்னும் பத்துப் படம் எடுத்துவிட்டு வருகிறவருக்குத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அந்தப் போலிக் கார்டை நான் தூக்கிப் போடவில்லை. மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கடைக்கு வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாள் நான் லைட்டு பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தக் கார்டைக் கொடுத்து, இதை நிரப்பித் தா என்கிறேன். காலையில் ஆரம்பிப்பான். 8 ஜிபி தாண்டி எடுத்த படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மேலே 128-ன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்பான். பார்டருக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அங்கே வைத்துச் சொல்வேன்.

வணக்கம்.