வீட்டுக்கு வந்தாலும் அது அரங்கின் படம்தான்

நடுவர் அவர்களே, வணக்கம். கலைப்பட அரங்குகள் தாங்களே இணையம் வழியாக வீட்டுக்குப் படம் அனுப்புவது அவற்றை வாழவைக்குமா, வீழ்த்துமா என்பது தலைப்பு. வாழவைக்கும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் மேசையைத் தட்டிக் கேட்டார்: "வீட்டிலேயே படம் கிடைத்தால் அரங்குக்கு எவன் வருவான்? டோக்கியோவில் இவானாமி ஹால் 2022-இல் மூடிக்கொண்டதே!" மூடியது உண்மை. நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. 1974-இல் நம் சத்யஜித் ராயின் 'அபுர் சன்சார்' படத்தோடு கலைப்படத் திரையிடலைத் தொடங்கிய அரங்கம் அது. ஆனால் மூடும்போது அரங்கத்தார் என்ன சொன்னார்கள்? கொரோனாவால் தொழில் நிலைமையே மாறிவிட்டது, இனி நடத்த முடியாது என்றார்கள். அந்தப் பழியைத் தூக்கி வீட்டுத்திரையின் தலையில் போடலாமா அண்ணா?

அதே ஜப்பானில், அதே கொரோனாவில் நடந்த இன்னொன்றை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். 2020 மே மாதம். 'மினி தியேட்டர்' என்று அங்கே அழைக்கப்படும் சின்ன அரங்குகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆவணப்பட இயக்குநர் கசுஹிரோ சோடாவின் புதுப்படம் வெளியாக வேண்டிய நேரம். அவரும் விநியோகஸ்தரும் சேர்ந்து இணையத்தில் 'தற்காலிகத் திரையரங்கு' ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே போனதும் படம் ஓடாது. ஊர் ஊராக அரங்குகளின் பட்டியல் வரும். எந்த அரங்கில் பார்க்கப்போகிறீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் அரங்கைத் தேர்ந்தெடுத்து 1,800 யென் கட்டினால்தான் படம். நேரில் போனால் பெரியவர்களுக்கு என்ன டிக்கெட்டோ, கிட்டத்தட்ட அதே விலை! பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்த அந்த அரங்குக்கு அதில் பங்கு போய்ச் சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே ஒருவர் தன் ஊர் அரங்கைப் பெயர் சொல்லிக் காப்பாற்றுகிறார். இதற்குப் பெயர் வீழ்ச்சியா?

அமெரிக்காவிலும் அதே ஆண்டு மார்ச்சில், கினோ லார்பர் என்ற பட விநியோக நிறுவனம் 'பகுராவ்' என்ற பிரேசில் படத்தை இப்படித்தான் கொடுத்தது. 12 டாலர் டிக்கெட், வருமானத்தில் அரங்குக்கும் பங்கு.

பெரிய திரையில், இருட்டில், நாலு பேரோடு பார்ப்பதற்கு ஈடில்லை என்றார் அண்ணன். நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆனால் பார்சல் கட்டிக் கொடுப்பதால் எந்த மெஸ்ஸும் மூடிப்போகவில்லை, நடுவர் அவர்களே. அடுப்பு அவர்களுடையது, கைப்பக்குவம் அவர்களுடையது, காசும் அவர்கள் கல்லாவுக்குத்தான் போகிறது.

கைப்பக்குவம் என்றேனே, அதுதான் எனக்கு முக்கியம். பெரிய ஓடிடி தளங்களில், நேற்று நாம் பார்த்ததைப் போலவே இன்னொன்றைக் கணினி நீட்டும். ராயின் படத்தை டோக்கியோவுக்குக் கொண்டுபோனது ரசனையுள்ள மனிதர்கள். அரங்கு நடத்தும் சேவையில் அந்த மனிதர்கள்தான் வீட்டுக்கும் படம் தேர்ந்தெடுக்கிறார்கள். டப்ளினில் அயர்லாந்து திரைப்பட நிறுவனத்துக்குச் சொந்தத் திரைகள் உண்டு; அதோடு 'ஐ.எஃப்.ஐ. அட் ஹோம்' என்ற வீட்டுச்சேவையும் உண்டு. அயர்லாந்தின் வடமேற்கு மூலையான டோனிகலில் இருக்கும் முதியவர் ஒரு படத்துக்காக நான்கு மணி நேரம்போல பஸ்ஸில் டப்ளினுக்குப் போக முடியுமா? சக்கர நாற்காலியில் இருப்பவர்? கைக்குழந்தையோடு இருக்கும் தாய்? இவர்களால் அரங்கு இழந்த டிக்கெட் எது என்று எதிரணி எடுத்துக் காட்டட்டும். இவர்கள் அந்த இருக்கைகளில் உட்காரவே வழியில்லாதவர்கள். இன்று அவர்களும் அந்த அரங்கின் ரசிகர்கள். அவர்கள் கட்டும் பணமும் அந்தக் கல்லாவில்தான் விழுகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல எதிரணிக்கு மனம் வருமா, நடுவர் அவர்களே?