50 வெள்ளிக்குள்ள (மலேசிய ரிங்கிட்) தீபாவளி வாசல்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கைவேலை வீடியோ

[காட்சி: கடைத்தெரு. கடை முன்னால அஞ்சடி நடைபாதை ஓரமா தொங்குற பிளாஸ்டிக் தோரணங்கள்.]

வணக்கம். ஐப்பசி நெருங்குதுன்னாலே மலேசியாவுல, பேராக்ல இருக்கிற நம்ம சுங்கை சிப்புட் கடைத்தெரு அஞ்சடி பூரா தோரணம் தொங்க ஆரம்பிச்சிரும். எல்லாமே அழகுதான், மறுக்க முடியாது. ஆனா வாசலுக்கு ஒண்ணு, ஹாலுக்கு ரெண்டு, சாமி மேடைக்கு ஒண்ணுன்னு எடுத்துட்டுப் போய் கவுண்டர்ல வைச்சா, பலகாரத்துக்கு ஒதுக்கின காசும் அதோட போயிடும். பாதிப் பொருள் ஒரு மழைக்கே சாயம் போயிடும்.

அதனால இந்த வீடியோவுல நான் சொல்லப்போறது இதுதான். கடையில நிறம் தர்ற பொருள், பசை, நூல் இந்த மூணை மட்டும் வாங்குங்க. மத்ததை அடுப்படியிலயும் தோட்டத்துலயும் தேடுங்க. செய்யறதை, தைப்பொங்கல் வரைக்கும் நிக்கிற மாதிரி செய்யுங்க.

[காட்சி: மேசை மேல வாங்கின பொருள்கள்.]

வாங்க வேண்டியது: மஞ்சள், ஆரஞ்சு கிரேப் பேப்பர், பச்சை ஃபோம் ஷீட், வெள்ளை கம், தடிமனான தையல் நூல், சாப்பாட்டுக்குப் போடுற கலர் நாலு குப்பி, ஒரு சின்ன டப்பா அக்ரிலிக் பெயிண்ட். எக்கோ ஷாப், மிஸ்டர் டிஐஒய் மாதிரி கடையிலயே எல்லாம் கிடைக்கும். விலை கடைக்குக் கடை மாறும். ஆனா இந்த அளவுக்கு 50 வெள்ளி தாராளம், மிச்சமும் வரும். மினுமினுக்குற தூளை வாங்காதீங்க. தரையில கொட்டினா அடுத்த தீபாவளி வரைக்கும் பெருக்கணும், சின்னப் பிள்ளைங்க கண்ணுக்கும் ஆகாது.

வாங்கறதுக்கு முன்னாடி எது மழையில நிக்கும், எது நிக்காதுன்னு பிரிச்சு வைச்சுக்குங்க. இந்த மாசத்துல நம்ம பக்கம் காலையில வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடியோட மழை கொட்டும். கிரேப் பேப்பர்ல தண்ணி பட்டா சாயம் ஒழுகும், சுவத்துல இறங்கின கறை லேசுல போகாது. அதனால கிரேப் பேப்பர் வீட்டுக்குள்ள மட்டும். வெளிய ஃபோம், டின், ரப்பர் கொட்டை, ரப்பர் பால் பிடிக்கிற பீங்கான் மங்கு.

[காட்சி: கை மட்டும், நெருக்கமா. கிரேப் பேப்பர் கட்டு.]

முதல்ல செண்டுமல்லி மாலை. இதை நிதானமா பாருங்க, ஏன்னா வீட்டோட முகத்தையே மாத்துறது இந்த மாலைதான்.

கிரேப் பேப்பர் கட்டைப் பிரிக்காதீங்க. மடிச்சது மடிச்சபடியே, 5 சென்டிமீட்டர் அகலத்துல துண்டு போடுங்க. கட்டு பெரும்பாலும் 50 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். அப்போ 10 நாடா வரும். ஒவ்வொரு நாடாவையும் 60 சென்டிமீட்டரா வெட்டினா நாலு நாலா மொத்தம் 40 துண்டு. ஒரு துண்டுக்கு ஒரு பூ.

இப்போ துண்டோட ரெண்டு ஓரத்துலயும் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெருக்க நெருக்கமா கத்தரிங்க. நடுவுல 2 சென்டிமீட்டர் கத்திரி படாம இருக்கணும். அந்த நடுவுல நூல் ஓட்டுங்க, துணிக்கு ஓட்டுத்தையல் போடுற மாதிரியே. முடிச்ச இடத்துலேருந்து மெல்ல இழுங்க. 60 சென்டிமீட்டர் நாடா சுருங்கிச் சுருங்கி நாலு விரல்கடைக்குள்ள வந்துரும். அப்படியே ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்க.

[காட்சி: தட்டையா இருந்த நாடா உருண்டைப் பூவா மாறுது. இந்த இடத்துல பேச்சு வேண்டாம், அஞ்சு வினாடி.]

முறுக்கும்போதுதான் இதழ் நாலாபக்கமும் திரும்பி, பூ உருண்டையாகுது. முறுக்காம விட்டா விசிறி மாதிரி தட்டையாவே நிக்கும். அப்புறம் விரல் நுனியால இதழைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. கிரேப் பேப்பர் நீளும், இதழ் ஓரம் நெளிஞ்சு நிஜப் பூவாட்டம் வரும்.

அதே நூல்லயே அடுத்த பூவுக்குப் போங்க. ரெண்டு பூவுக்கு நடுவுல 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டின பச்சை ஸ்ட்ரா துண்டு ஒண்ணு கோத்துடுங்க, காம்பு மாதிரி தெரியும். பூ 5, ஸ்ட்ரா 2. அப்போ 40 பூவுக்கு 2.8 மீட்டர், ஒன்பது அடிக்குச் சரியா வரும். நம்ம வீட்டுக் கதவு அகலம் மூணடிதானே? கதவுக்கு உள்பக்கமா மேல மூணடி, ரெண்டு பக்கமும் மூணு மூணடி இறக்கம். சாமி மேடைக்கும் இதே அளவு பொருந்தும். ஆனா மேடையில விளக்குக்கு மேல தொங்க விடாதீங்க, பேப்பர் டக்குன்னு பத்திக்கும்.

[காட்சி: வாசக்கால்.]

வாசல்ல மாவிலைத் தோரணம். வீட்டுல மாமரம் இருந்தா நிஜ இலையே கட்டுங்க, அதுக்கு மேல அழகு எதுவுமில்ல. இல்லாதவங்க பச்சை ஃபோம் ஷீட்ல வெட்டிக்கலாம். ஒரு ஏ-ஃபோர் ஷீட்ல 5-க்கு 14 சென்டிமீட்டர் அளவுல எட்டு இலை வரும். நடு நரம்பை எழுதி முடிஞ்ச பேனா முனையால அழுத்திக் கோடு போட்டா போதும், வரைய வேண்டாம். ஸ்டேப்ளர் அடிக்காதீங்க, மழை ஈரத்துல துரு பிடிச்சு இலையில பழுப்பா இறங்கும். ஊசி நூலே போதும். சுவத்துல டேப்பும் ஒட்டாதீங்க, உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு அது வீண் வம்பு.

[காட்சி: பால் டின், சுத்தியல், ரெண்டு இஞ்ச் ஆணி.]

அடுத்து டின் விளக்கு. டீ கலக்கி முடிச்ச பால் டின், மைலோ டின் எதுவா இருந்தாலும் சரி. டின்னை அப்படியே வைச்சு ஆணி அடிச்சா நசுங்கிடும். அதுக்கு ஒரு வழி இருக்கு. டின்ல தண்ணி ஊத்தி ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வைங்க. விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, தண்ணி உறையும்போது பத்துல ஒரு பங்கு கிட்ட பெருகும். ரெண்டு விரல் இடம் விட்டாத்தான் அடிப்பக்கம் அதிகம் புடைக்காது. புடைச்சா, ஐஸ் கரைஞ்சதும் திருப்பிப் போட்டு ரெண்டு தட்டு தட்டுங்க, நேராயிடும்.

காலையில மடிச்ச துண்டு மேல டின்னைப் படுக்க வைங்க, உருளாது. கோலத்தைப் பேப்பர்ல புள்ளியா வரைஞ்சு டின்னைச் சுத்தி ஒட்டுங்க. ஒவ்வொரு புள்ளியிலயும் ஆணியை வைச்சு ஒரே அடி. உள்ள இருக்கிற ஐஸ் தாங்கிக்கும், துளை வட்டமா விழும். புள்ளிக்குப் புள்ளி ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்க. அதை விட நெருங்கினா ரெண்டு துளையும் சேர்ந்து கிழிஞ்சிடும். ஐஸ் கரைஞ்சதும் துடைச்சு, வெளிப்பக்கம் அக்ரிலிக் பெயிண்ட் பூசினா துரு பிடிக்க நாளாகும். உள்ள பெயிண்ட் வேண்டாம், பளபளப்பா இருந்தாத்தான் வெளிச்சம் சிதறும். உள்பக்கம் ஆணி முனை கிழிச்ச விளிம்பு கூர்மையா இருக்கும், பிள்ளைங்களைக் கைவிட விடாதீங்க.

[காட்சி: பக்கத்து வீட்டுப் பெரியம்மா, மடியில பழைய பீங்கான் மங்கு.]

இது பெரியம்மா. ரொம்ப காலம் பால்மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவங்க.

“பெரியம்மா, மங்குல ஒட்டியிருக்கிற பாலை எப்படி எடுக்கிறது?”

“தேய்க்காதம்மா. காய்ஞ்சிருந்தா ஓரத்துல நகத்தால ஒரு முனையைத் தூக்கு. அப்படியே உரிஞ்சு வரும். பளபளன்னு இருக்கிற பீங்கான்ல பால் ஒட்டாது.”

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால, பழைய சாமான் கிடக்கிற இடத்துல இந்த மங்கு இன்னும் கிடைக்கும். யாரோட மங்குன்னு கேட்டுட்டு எடுங்க. இதுல முக்கால் பங்கு தண்ணி, மேல ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய், அதுல மிதக்குற திரி. எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணியைத் தொடும், தானா அணைஞ்சிடும். எண்ணெயும் மிச்சம், பயமும் குறைவு. அகல் விளக்கு வரிசைக்கு நடுவுல இந்த வெள்ளை மங்கு நாலு இருந்தா, நம்ம ஊர் தீபாவளின்னு பார்த்த உடனே தெரியும். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பிடிச்சது.

[காட்சி: ரப்பர் கொட்டை, பழுப்புப் புள்ளியோட.]

ரப்பர் கொட்டையும் இந்தக் காலத்துலதான் வெடிச்சு விழும். பக்கத்துல குவாலா கங்சார்ல 1877-ல நட்ட பழைய ரப்பர் மரம் இன்னும் இருக்கு. ஒவ்வொரு கொட்டையிலயும் புள்ளிக் கோலம் வேற வேற மாதிரி இருக்கும், அதனால பெயிண்ட் அடிச்சுக் கெடுக்காதீங்க. கழுவி, நல்ல வெயில்ல காய வைச்சு, துளி தேங்காயெண்ணெய் தடவித் துடைங்க. சின்ன டிரில்லுல துளை போட்டுக் கோத்தா ஜன்னல் சரம். முக்கியமான விஷயம்: பச்சைக் கொட்டையோட பருப்புல சயனைடை உண்டாக்குற பொருள் இருக்கு. வாயில எதையும் போடுற வயசுப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இதை விட்டுடுங்க.

[காட்சி: போர்ட்டிக்கோ தரை, கலர் அரிசி.]

கோலத்துக்கு மலிவான அரிசி ஒரு கிலோ போதும், ரெண்டடி அகலக் கோலம் நிரம்பும். ஒரு கப் அரிசி, ஒரு டீஸ்பூன் வினிகர், பத்து சொட்டு கலர். எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில போட்டுக் குலுக்கி, நியூஸ் பேப்பர்ல நிழல்லயே காய வைங்க. வினிகர் சேர்த்தா கலர் எல்லா அரிசியிலயும் ஒரே சீரா பிடிக்கும். சில பேர் உப்புல கலர் போடுவாங்க. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு உப்பு கசிஞ்சு ஓடும், வேண்டாம்.

என்ன கோலம்னு யோசிக்கிறவங்களுக்கு, 7 புள்ளி, 4 வரைக்கும் இடைப்புள்ளி. மொத்தம் 37 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 10 சென்டிமீட்டர் விட்டா நடு வரிசை சரியா ரெண்டடி வரும். சாக்பீஸ்ல கோடு போட்டு உள்ள அரிசியை நிரப்புங்க. சாரல் படாத இடமா பார்த்துப் போடுங்க.

மின்னி மின்னி அணையுற லிப்-லாப் லைட் வாங்கறவங்க மலேசியத் தரச் சான்றான சிரிம் லேபிள் இருக்கான்னு மட்டும் பாருங்க. இதுல விலை பார்க்காதீங்க. மழை படுற இடத்துல உள்வீட்டு லைட்டைக் கட்டக் கூடாது. ஒரே எக்ஸ்டென்ஷன்ல அஞ்சாறு பிளக் ஏத்தவும் கூடாது.

[காட்சி: பெரிய பிஸ்கட் டின்.]

கழட்டும்போது அவசரப்படாதீங்க. மாலையை மடிக்காம, நியூஸ் பேப்பரோட சேர்த்துச் சுருட்டி பிஸ்கட் டின்ல வைங்க. புது ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா பாக்கெட் ரெண்டு போட்டா ஈரம் ஏறாது. டின் விளக்கைத் துடைச்சுத் தனியா வைங்க. கலர் அரிசி நனையாம இருந்தா, சலிச்சு போத்தல்ல போட்டு மூடி வைங்க. பொங்கலுக்கு அதே மாலை, அதே மாவிலை. மாலையோட ரெண்டு பக்க இறக்கத்தையும் கொஞ்சம் சுருக்கிக் கட்டுங்க, கரும்பு நிக்க இடம் வேணும்.