திங்கள் தவறாமல் சட்டசபைக்கு வந்தவர்கள்

(காட்சி: சட்டசபை அரங்கின் பெரிய பித்தளைக் கதவுகள். பாட்டுச் சத்தம்.)

2013 ஏப்ரல் 29. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலே. மாநில அரசின் முடிவுகளை எதிர்த்து, சட்டசபை அரங்கின் கதவுக்கு முன்னால் நின்று ஒரு கூட்டம் பாடுகிறது, ஜெபிக்கிறது. கலைந்து போகச் சொல்கிறது போலீஸ். யாரும் நகரவில்லை. கையில் பிளாஸ்டிக் விலங்கு மாட்டி 17 பேரைக் கூட்டிப் போகிறார்கள்.

முன்னால் நின்றவர் வில்லியம் பார்பர். கோல்ட்ஸ்பரோ ஊரில் ஒரு திருச்சபையின் போதகர். கறுப்பின மக்களின் உரிமைக்காக நூறாண்டுக்கும் மேலாகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்கு அப்போது மாநிலத் தலைவர். முதுகெலும்பு நோயால் கைத்தடி ஊன்றித்தான் நடப்பார்.

ஏன் திங்கட்கிழமை? வார இறுதிக்கு ஊர் போன உறுப்பினர்கள் அன்று மாலைதான் அவைக்குத் திரும்புவார்கள். அதனால் வாராவாரம் அதே நாளில் போனார்கள். கிறிஸ்தவப் போதகர்களோடு யூத ரபிகளும், மதமே வேண்டாம் என்பவர்களும், டாக்டர்களும், ஆசிரியர்களும் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கைதானவர்கள் 900-க்கும் மேல்.

(காட்சி: வேத புத்தகம். பக்கத்தில் மாநில பட்ஜெட்.)

பார்பர் அடிக்கடி எடுத்துச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசியின் வார்த்தை: ஏழையின் நியாயத்தைப் புரட்டக் கொடுமையான கட்டளைகளை எழுதுகிறவர்களுக்கு ஐயோ! யூதர்களுக்கும் இது வேதம்தான். ஒழுக்கம் என்றால் கருக்கலைப்பை எதிர்ப்பது மட்டும்தானா, கூலியும் மருந்தும் அதில் சேராதா என்பது அவர் கேள்வி. என்னைக் கேட்டால், அந்தக் கேள்விதான் இத்தனை வேறுபட்ட ஆட்களை ஒரே வரிசையில் நிற்க வைத்தது.

சரி, எதை எதிர்த்தார்கள்? வேலையிழந்தோர் உதவித்தொகையை அரசு வெட்டியது. வறியவர்களுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க மறுத்தது, அதுவும் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசே தரும் நிலையில். அப்புறம் தேர்தல் சட்டம். தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்க இருந்த 17 நாள் 10 நாளாகச் சுருங்கியது. கறுப்பினத் திருச்சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், போட்ட நல்ல உடுப்போடு அப்படியே பஸ் ஏறி வாக்குச்சாவடிக்குப் போவது வழக்கம். அப்படிப் போக இருந்த இரண்டு ஞாயிறுகளில் ஒன்று காணாமல் போனது.

வழக்கு போட்டார்கள். 2016 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தே அவை எழுதப்பட்டன என்றது தீர்ப்பு.

மெடிக்கெய்ட் விரிவாக்கத்துக்குப் பத்து வருடம் பிடித்தது. அதற்குள் எத்தனை பேர் வியாதியைத் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. இந்தப் போராட்டம் மட்டுமே அதைக் கொண்டுவந்ததாகச் சொல்ல முடியாது. மருத்துவமனைகளும் கேட்டன, மத்திய அரசின் கூடுதல் பணமும் சேர்ந்தது. ஆனால் அந்தப் பேச்சை அடங்கவிடாமல் வைத்திருந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

(காட்சி: மருந்துக்கடை வரிசை.)

2023 டிசம்பர் 1 அன்று விரிவாக்கம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை குடும்பக்கட்டுப்பாட்டுச் சேவைக்கு மட்டுமே காப்பீடு இருந்த பல்லாயிரம் பேருக்கு, அன்று முதல் டாக்டரைப் பார்க்கவும் மாத்திரை வாங்கவும் வழி பிறந்தது.